பத்துக் கிலோவுக்கு அரை லிட்டர் வியர்வை

ஒகேனக்கல்லில் பயணிகளை இறக்கிவிட்ட பரிசல்காரர்கள் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு பாறைகளின் மேல் நடந்து திரும்புவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஆற்றின் இழுப்பை எதிர்த்துத் துடுப்புப் போடுவதைவிடக் கரையில் சுமந்து நடப்பது சுலபம். சற்று முன்புதான் அந்தப் பரிசல் ஐந்தாறு பேரைச் சுமந்தது. இப்போது அதை ஒரே ஆள் சுமக்கிறார். தன் எடையைப் போலப் பல மடங்கு எடையைத் தாங்கும் ஒரு பொருள், ஒருவர் தலையில் ஏறும் அளவுக்கு இலேசாக இருப்பது எப்படி?

பக்கத்தில் போய்ப் பார்த்தால் விடை தெரியும். மூங்கிலைப் பிளந்து சீவிய பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, விளிம்பில் வளையமாக இறுக்கிக் கட்டியிருப்பார்கள். முன்பு அதன்மேல் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் தார்ப்பூச்சு. வளைவையும் அழுத்தத்தையும் மூங்கில் தாங்குகிறது. தண்ணீரைத் தடுப்பது மட்டுமே மேல்தோலின் வேலை, ஆகவே அது மெல்லியதாக இருந்தால் போதும். வடிவத்திலும் கணக்கு இருக்கிறது. ஏறத்தாழ ஏழடி விட்டமுள்ள பரிசலின் அடிப்பரப்பை 3 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது 10 சென்டிமீட்டர் அமிழ்ந்தாலே 300 லிட்டர் நீரை விலக்கும், அதாவது 300 கிலோவைத் தாங்கும். அதே பரப்பைச் சதுரமாக அமைத்தால் விளிம்பின் நீளம் 13 சதவீதம் கூடும். குறைந்த விளிம்பில் அதிகப் பரப்பைத் தருவது வட்டம்தான். கட்டும் பொருள் அதில் மிச்சமாகிறது.

இன்று உலகம் முழுவதும் மலையேறுபவர்கள் வாங்கும் விலையுயர்ந்த டென்ட்டுகளும் இதே விதியில்தான் நிற்கின்றன: எலும்புக்கு வளையும் கம்பி, தோலுக்கு மெல்லிய துணி. ஒகேனக்கல்லை அடுத்த பென்னாகரம் வட்டாரத்தில் நடைப்பயணம் போக நினைக்கும் இளைஞர்கள் பலர் பையை நிரப்பும் முன் இணையத்தில் பட்டியல் தேடுகிறார்கள். அந்தப் பட்டியல்களில் பெரும்பாலானவை பனி பெய்யும் நாடுகளில் எழுதப்பட்டவை. நம் ஊர் வெயிலுக்கும் நம் ஊர்த் தண்ணீருக்கும் நம் காட்டுக்கும் வேறு கணக்குத் தேவை.

முதலில் சுமை உடம்பை என்ன செய்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவின் நேட்டிக் நகரிலுள்ள ராணுவ ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பேண்டோல்ஃப் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1977-ல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார்கள். நடப்பவரின் எடை, சுமையின் எடை, வேகம், ஏற்றத்தின் சரிவு, தரையின் தன்மை ஆகியவற்றைக் கொடுத்தால், உடம்பு எத்தனை வாட் சக்தியைச் செலவழிக்கும் என்று அது சொல்லும். குறைகள் உண்டு என்றாலும் இன்றும் அதை எடுத்தாள்கிறார்கள்.

60 கிலோ எடையுள்ள ஒருவர், பத்து சதவீத ஏற்றத்தில், இலேசாகப் புதர் மண்டிய பாதையில், மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறார் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதுகில் 18 கிலோ இருந்தால் சுமார் 635 வாட். அதையே 8 கிலோவாகக் குறைத்தால் சுமார் 555 வாட். வித்தியாசம் 80 வாட். பார்வைக்குச் சின்ன எண்தான். ஆனால் அதில் பத்துப் பதினொரு வாட் மட்டுமே சுமையை உயரத்துக்கு ஏற்றும் வேலையாக மாறுகிறது. மீதி எழுபது வாட் அப்படியே உடம்புக்குள் வெப்பமாக நிற்கும். காற்றே சூடாக இருக்கும் நாளில் அந்த வெப்பம் வெளியேற வியர்வை ஒன்றுதான் வழி. ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேல் ஆவியாகும்போது சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆக, அந்தப் பத்துக் கிலோவுக்காக மட்டும் மணிக்கு 100 மில்லி வியர்வை கூடுதலாகச் சுரக்க வேண்டும். ஐந்து மணி நேர ஏற்றத்துக்கு அரை லிட்டர். அதுவும் சுரந்ததெல்லாம் ஆவியானால்தான். புழுக்கமான நாளில் பாதி வியர்வை சொட்டி வீணாகும், தேவை இன்னும் ஏறும்.

குளிர் நாட்டுக்காரர்களின் பட்டியலில் இல்லாத கண்ணி இது. சுமை கூடினால் வியர்வை கூடும். வியர்வை கூடினால் தண்ணீர் கூடுதலாகச் சுமக்க வேண்டும். அந்தத் தண்ணீரும் சுமைதான். 8 கிலோவோடு போனால் அந்த ஐந்து மணி நேரத்தில் 340 கிலோகலோரியும் மிச்சம், அதாவது ஒரு கைப்பிடிக்கு மேல் வேர்க்கடலை. எடை எடையைக் கூட்டும். குறைக்கும்போதும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு குறையும்.

சுமை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். சோல், கோல்ட்மன் என்ற இருவர் 1969-ல் வெளியிட்ட ஆய்வின்படி, உடம்பின் நடுப்பகுதியில் சுமக்கும் ஒரு கிலோவைவிடப் பாதத்தில் சுமக்கும் ஒரு கிலோ நான்கு முதல் ஆறு மடங்கு வரை அதிகச் சக்தியைக் கேட்கிறது. ஒவ்வொரு எட்டிலும் பாதத்தைத் தூக்கி, முன்னால் வீசி, நிறுத்த வேண்டும் என்பதே காரணம். கணுக்காலை மூடும் கனமான பூட்ஸ் ஒரு ஜோடி ஒன்றரைக் கிலோவை நெருங்கும். சாதாரண ஓட்டக் காலணி ஜோடி 600 கிராம். இந்த மாற்றம் ஒன்றே முதுகிலிருந்து நான்கு கிலோவை இறக்கிவைத்ததற்குச் சமம். பனியில் நடக்காதவர்களுக்கு, இருபது கிலோ சுமக்காதவர்களுக்கு, அந்தப் பூட்ஸ் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். அடிப்பாகம் முள் ஏறாதபடி தடிமனாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும். நம் காடு முள்காடு.

தலைச்சுமையின் கதை வேறு. கிழக்கு ஆப்பிரிக்கப் பெண்கள் தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் சுமக்கும்போது ஆக்சிஜன் செலவு கூடுவதே இல்லை என்று 1986-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. நேபாளத்தில் நெற்றிப்பட்டையில் கூடை மாட்டிச் சுமப்பவர்களை 2005-ல் ஆராய்ந்தவர்கள், ஆண்கள் சராசரியாகத் தங்கள் எடையில் 93 சதவீதம் சுமப்பதைக் கண்டார்கள். சிறு வயதிலிருந்து பழகிய உடம்புக்குத்தான் அது சாத்தியம். சும்மாடு வைத்து விறகும் குடமும் சுமந்து வளர்ந்தவர்களின் நடையில் இடுப்புக்கு மேலே அசைவே தெரியாது. அது வாரக்கடைசியில் பழகிக்கொள்ளக்கூடிய வித்தை அல்ல. பழகாதவர்கள் கழுத்தைப் பணயம் வைக்க வேண்டாம்.

இலேசான பயணத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தவர் எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டி. பதினொரு பிள்ளைகள் பெற்றவர். 1955-ல், 67-வது வயதில், மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான அப்பலேச்சியன் நடைபாதையைத் தன்னந்தனியாக ஒரே மூச்சில் நடந்து முடித்தார். முதுகுப்பை இல்லை. தானே தைத்த துணிமூட்டை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டார். காலில் கேன்வாஸ் ஷூ. மழைக்குக் குளியலறைத் திரையாகத் தொங்கும் பிளாஸ்டிக் விரிப்பு, குளிருக்கு ஒரு ராணுவக் கம்பளி. பின்னாளில் ரே ஜார்டின் போன்றவர்கள் எழுதிய நூல்கள் வழியே இது ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. சாப்பாடும் தண்ணீரும் எரிபொருளும் நீங்கலாகப் பையின் எடை நாலரைக் கிலோவுக்குள் இருந்தால் ‘மிக இலேசு’ என்பது அவர்களுடைய அளவுகோல். கேட்வுட் பாட்டியிடம் அளவுகோலும் இல்லை, டைட்டானியப் பாத்திரமும் இல்லை. தனக்கு என்ன தேவை என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

பென்னாகரத்தில் எது தேவை என்பதைக் காடும் சட்டமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. சுற்றியுள்ள காடு பெரும்பாலும் காப்புக்காடு. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைக் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. யானைகள் கர்நாடகத்துக்கும் இங்குமாக வந்து போகும் வழி அது. அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதே குற்றம், டென்ட் அடித்துத் தங்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்து மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 பாதைகளை வழிகாட்டியோடு நடக்க வனத்துறை திறந்துவிட்டது. காட்டுக்குள் நடக்க விரும்புபவர்கள் அந்த வழியில் போவதே சரி.

அப்படியானால் பையோடு நடந்து இரவு தங்க இங்கே இடமே இல்லையா? உண்டு. மலைக்கிராமங்களுக்குப் போகும் ஊர்ப்பாதைகள் இருக்கின்றன. வட்டுவனஅள்ளி ஊராட்சியிலுள்ள கோட்டூர் மலை போன்ற ஊர்களுக்கு மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்தே ஏறியிருக்கிறார்கள். 2019, 2021 தேர்தல்களில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் அந்த மலைக்குக் கழுதைகளின் முதுகில் போன செய்தி நாடு முழுக்கப் பேசப்பட்டது. ரேஷன் அரிசியும் இப்படிப்பட்ட பாதைகளில்தான் ஏறியிருக்கிறது. உடம்புக்கு முடியாதவர்கள் தூளியில் கிடத்தப்பட்டு இறங்கியிருக்கிறார்கள். பொழுதுபோக்குக்காகப் பை மாட்டிக்கொண்டு அங்கே போகும் நாம் இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். ஊராரிடம் முன்கூட்டிச் சொல்லி, சம்மதம் பெற்று, ஒருவருடைய பட்டா நிலத்திலோ திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ படுத்தால், டென்ட் என்ற இரண்டு கிலோ பொருள் பட்டியலிலிருந்தே போய்விடுகிறது. யானை நடமாடும் ஊரில் மனிதர்களுக்கு நடுவே படுப்பது பாதுகாப்பும்கூட. கேழ்வரகு முற்றும் பருவத்தில் காட்டோரக் கொல்லையில் படுக்கவே கூடாது.

இனி தண்ணீர். நம் பையில் மிகக் கனமான பொருள் எப்போதும் அதுதான். ஒரு லிட்டர், ஒரு கிலோ. எந்த விஞ்ஞானியாலும் அதை இலேசாக்க முடியாது. வெயிலில் ஏறும்போது மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்ப்பது சாதாரணம். டென்ட்டின் முளைக்குச்சியில் பத்துக் கிராம் குறைக்கப் பணம் செலவழிப்பவர், வழியில் கிணறு எங்கே, ஊற்று எங்கே, கோடையில் வற்றாத சுனை எது என்று மலையேறி இறங்கும் ஒருவரிடம் கேட்டால் இரண்டு கிலோவைக் காசில்லாமல் குறைக்கலாம். நீர் கிடைக்கும் இடத்தில் வயிறு நிறையக் குடித்துவிட்டு, அடுத்த இடம் வரைக்கும் போதுமானதை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் முறை. விடிவதற்கு முன்னரே அடிவாரத்தில் இருந்து, ஒன்பது மணிக்குள் ஏற்றத்தை முடித்துவிட்டால் வியர்வையும் குறையும்.

பாத்திரத்திலும் கவனம் வேண்டும். இரட்டைச் சுவர் கொண்ட ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் காலியாகவே 400 கிராமை நெருங்கும். கடையில் தண்ணீரோடு வரும் பிளாஸ்டிக் பாட்டில் 30 கிராம்கூட இருக்காது. அதைத் தூக்கி எறியாமல் பல பயணங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

குடிக்கும் நீரைப் பற்றித் தருமபுரியில் பேசினால் ஃப்ளோரைடைத் தொடாமல் முடியாது. இந்த மாவட்டத்துப் பாறைகளில் இயல்பாகவே உள்ள ஃப்ளோரைடு, ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்து வருகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை, பிறகு எலும்பிலும் மூட்டிலும் கோளாறு. ஜப்பானிய நிதியுதவியோடு 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவருகிறது. மலையேறுபவர்கள் வாங்கும் சின்ன வடிகட்டிகள் நுண்துளை இழைகளால் ஆனவை. அவற்றின் துளை 0.1 மைக்ரான். பாக்டீரியாவையும் அமீபா வகைகளையும் அது நிறுத்தும். கரைந்த உப்பு அதன் வழியே தடையில்லாமல் போய்விடும், வைரஸும் போய்விடும். கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஆனால் இரண்டு நாள் குடிப்பதால் எலும்புக்கு ஒன்றும் ஆகாது. பயணிக்கு உடனடி ஆபத்து வயிற்றுப்போக்குதான்.

அதற்கு மிக இலேசான மருந்து குளோரின் மாத்திரை. ஒரு பட்டை சில கிராம்தான். கலங்கல் நீரைத் துணியில் வடிகட்டி, மாத்திரை போட்டு, அரை மணி நேரம் பொறுத்துக் குடிக்கலாம். வைரஸையும் அது கொல்லும். காய்ச்சுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு லிட்டரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 75 கிலோகலோரி. அடுப்பில் பாதி வெப்பம் வீணாகும் என்று வைத்தால் 13 கிராம் காஸ். அதோடு அடுப்பு, பாத்திரம், டப்பா எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ. உப்புச்சத்துக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்று 20 கிராம் சொச்சம். அது கட்டாயம் வேண்டும். வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே ஏறினால் தலைசுற்றலும் தசைப்பிடிப்பும் வரலாம்.

கூரைக்கு வருவோம். பென்னாகரத்திலிருந்து திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். துணியைப் பற்றிப் பேசினால் அவர்கள் முதலில் கேட்பது ஜி.எஸ்.எம். எவ்வளவு என்பதைத்தான், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம். இலேசான கூரையைத் தேர்ந்தெடுக்க அந்த ஒரு கேள்வி போதும். மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறு சதுர மீட்டர். பழைய ஃப்ளெக்ஸ் பேனரில் அமைத்தால், அதன் ஜி.எஸ்.எம். 300 அளவில் இருக்கும், இரண்டு கிலோ ஆகிவிடும். சிலிகான் ஊட்டிய நைலான் 45, ஆகவே 270 கிராம். டைனீமா இழை வைத்த படலம் 20 அல்லது 25, மொத்தம் 150 கிராம் அளவில் முடிந்துவிடும். ஆனால் விலை ஆயிரக்கணக்கில்.

இப்போது ஹார்டுவேர் கடைக்குப் போய் 200 கேஜ் பாலித்தீன் விரிப்பு கேளுங்கள். 200 கேஜ் என்றால் 50 மைக்ரான். பாலித்தீனின் அடர்த்தி 0.92. கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 46 கிராம். விலையுயர்ந்த சிலிகான் நைலானின் எடையேதான்! கிழியாத உறுதி அதற்கு இல்லை, முள்ளில் மாட்டினால் நீளமாகக் கிழியும், சூரிய ஒளியில் நாளடைவில் நொறுங்கும். ஒரு பருவத்துக்கு ஒரு விரிப்பு என்று வைத்துக்கொண்டால் அதுவே போதும். மூலையில் ஓட்டை போடக் கூடாது. சின்னக் கூழாங்கல்லை விரிப்பின் மூலையில் வைத்து மடித்து, அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்குப் போட்டுக் கட்டினால் காற்று எவ்வளவு இழுத்தாலும் பிய்யாது. கிழிசல் தொடங்குவது ஓட்டையின் விளிம்பிலிருந்து. ஓட்டையே இல்லையென்றால் இழுவிசை கல்லைச் சுற்றிப் பரவிவிடுகிறது. கிழிந்தாலும் அதைக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். மலையில் விட்ட பாலித்தீன் ஏதாவது ஒரு மாட்டின் வயிற்றுக்குப் போகும்.

மழையில்லாத இரவிலும் தலைக்குமேல் ஏதாவது இருப்பது நல்லது. மேகமில்லாத வானம், தரையிலுள்ள காற்றைவிடப் பத்து இருபது டிகிரி குளிர்ந்த பரப்பைப் போல நடந்துகொள்கிறது. திறந்தவெளியில் படுத்தவருடைய உடல்வெப்பம் கதிர்வீச்சாக அந்த வானத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். போர்வையின் மேற்பரப்பு காற்றைவிடக் குளிர்ந்து, பனி இறங்கி நனைகிறது. மேலே ஒரு வேட்டியைக் கட்டினாலும் அந்தக் கதிர்வீச்சு தடைபடும், போர்வை காய்ந்தே இருக்கும். திண்ணையிலும் மரத்தடியிலும் படுத்தால் பனி குறைவாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

மழையில் நடப்பதற்கு ‘மூச்சுவிடும்’ ஜாக்கெட்டுகள் விற்கிறார்கள். உள்ளே உள்ள நீராவி வெளியே போக வேண்டுமானால் வெளிக்காற்றில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும். நம் மழைக்காலத்தில் வெளியேயும் ஈரம், உள்ளேயும் ஈரம், கடைசியில் வியர்வையிலேயே நனைவோம். சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு களையெடுத்தவர்களுக்குக் காற்றோட்டத்தின் அருமை தெரியும். இலேசான குடை ஒன்று, முந்நூறு கிராமில், மழைக்கும் வெயிலுக்கும் ஆகும். இடி மின்னல் வந்தால் மட்டும் மடக்கிவிட்டுப் பொட்டலை விட்டு இறங்கிவிட வேண்டும்.

படுக்கையில்தான் குளிர்நாட்டுப் பட்டியல் நம்மை மிகவும் ஏமாற்றுகிறது. பூஜ்ஜியம் டிகிரிக்கான ஸ்லீப்பிங் பேக்குகளைச் சுமந்துகொண்டு போகிறார்கள். பென்னாகரம் பக்கத்தில் மார்கழி இரவுகளில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 15 டிகிரிக்கு மேலேதான் இருக்கும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. மெல்லிய கம்பளி ஒன்று, காய்ந்த மாற்றுச்சட்டை ஒன்று போதும். உண்மையில் குளிர் வருவது கீழேயிருந்து. எத்தனை தடித்த போர்வையாக இருந்தாலும் முதுகுக்குக் கீழே அது நசுங்கிவிடும், சூட்டைப் பிடித்துவைக்கும் காற்று வெளியேறிவிடும். ஆகவே நசுங்காமல் காற்றைப் பிடித்துவைக்கும் பொருள் வேண்டும். கோரைத்தண்டின் உள்ளே காற்று நிறைந்த பஞ்சு போன்ற சோறு இருப்பதால்தான் கோரைப்பாய் சில்லென்ற தரையிலும் இதமாக இருக்கிறது. இன்னும் இலேசு வேண்டுமென்றால், ஃப்ரிட்ஜ் வாங்கும்போது சுற்றி வருகிற ஒரு சென்டிமீட்டர் தடிமனான வெள்ளை ஃபோம். ஓர் ஆள் நீளத்துக்கு 300 கிராமைத் தாண்டாது. யோகா பாய் வேண்டாம், பல யோகா பாய்கள் ஒரு கிலோ.

எடை குறைக்கும் ஆர்வத்தில் விட்டுவிடவே கூடாத பொருள் கொசுவலை. கொசுவுக்காக மட்டுமல்ல. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் தூங்குபவர்களைக் கடிக்கும் பாம்புகளில் முக்கியமானது. கடி பெரிதாக வலிக்காது, அடையாளமும் தெரியாது. இமைகள் சரிந்து, பேச்சுக் குழறி, மூச்சு திணறும்போதுதான் வீட்டாருக்கு விஷயம் புரியும். விளிம்பைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிய கொசுவலைக்குள் படுப்பவர்களுக்குப் பாம்புக்கடி வெகுவாகக் குறைகிறது என்று நேபாளத்தின் தென்கிழக்குப் பகுதியில் நடந்த ஆய்வு 2007-ல் வெளியானது. முந்நூறு கிராம் வலை. சாலையில்லாத மலையில், ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் இடத்துக்கே மணிக்கணக்கில் சுமந்து இறங்க வேண்டிய ஊரில், அதைவிட மதிப்புள்ள முந்நூறு கிராம் எதுவும் கிடையாது. அதற்கு அடுத்தது டார்ச்.

துணிமணியைப் பற்றி ஒன்று. ‘பருத்தி கொல்லும்’ என்று மேலைநாட்டு மலையேறிகள் எச்சரிப்பார்கள். நனைந்த பருத்தி மெதுவாகக் காய்ந்து, குளிரில் உடல்சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் தருமபுரி வெயிலில் நனைந்த பருத்திச் சட்டைதான் உடம்பைக் குளிர்விக்கும் கருவி. பகலில் பருத்தி, இரவுக்குக் காய்ந்த ஒரு செட் என்று பிரித்துக்கொண்டால் தீர்ந்தது. ஒரு லுங்கி போர்வையாகும், குளிக்கத் திரையாகும், வெயிலுக்குத் தலைப்பாகையாகும், காயம்பட்டவரைத் தூக்கத் தூளியாகும். ஒரே பொருள் நான்கு வேலை செய்தால் மூன்று பொருளை வீட்டில் விட்டுவிடலாம்.

சாப்பாட்டைக் கிராமுக்கு எத்தனை கலோரி என்று பார்த்து எடுக்க வேண்டும். 100 கிராம் வேர்க்கடலையில் 560 கிலோகலோரிக்கு மேல், வெல்லத்தில் சுமார் 380, அவலில் 350. வடித்த சோற்றில் 130 மட்டுமே, பாக்கி தண்ணீர். அவலின் அருமை அதன் கலோரியில் இல்லை. நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்த வேலையெல்லாம் ஊரிலேயே முடிந்துவிட்டதால் மலையில் அதற்கு அடுப்பே தேவையில்லை. ஊறவைத்து வெல்லம் கலந்தால் சாப்பாடு. அடுப்பு இல்லையென்றால் நெருப்பும் இல்லை. இலையுதிர்க்காட்டில் அதுதான் முதல் நாகரிகம். கடலை, வெல்லம், அவல், கொஞ்சம் கடலைமிட்டாய் என்று ஒன்றே கால் கிலோ எடுத்தால் இரண்டு நாளைக்குப் போதும்.

பையைக் கடைசியில்தான் வாங்க வேண்டும். முதலில் 60 லிட்டர் பை வாங்கியவர் அதை நிரப்பியே தீருவார், அந்தப் பையே இரண்டு கிலோ இருக்கும். மேலே சொன்னதையெல்லாம் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தால் நாலு கிலோவுக்குள் அடங்கும். அதற்கு 35 லிட்டரில் சட்டமில்லாத 600 கிராம் பை போதும். சாப்பாட்டையும் இரண்டு லிட்டர் தண்ணீரையும் சேர்த்தால் சுமார் ஏழு கிலோ. ஐம்பது கிலோ எடையுள்ள கல்லூரி மாணவிக்கும் அது ஏழில் ஒரு பங்குதான். கூட்டிப் போகிறவர்கள் யாரும் அவருக்காகச் சுமக்க வேண்டியதில்லை.

இந்த எண்களெல்லாம் மழை ஓய்ந்த கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் பொருந்தும். மாசி பிறந்தால் கணக்கு மாறிவிடும். இலைகள் உதிர்ந்து சருகு முழங்கால் மூடும், சுனைகள் ஒவ்வொன்றாக வற்றும், இரண்டு லிட்டர் தண்ணீர் ஐந்தாகும், ஒரு பொறி பட்டால் சரிவு முழுக்கப் பற்றிக்கொள்ளும். குரங்கணி நடந்ததும் அந்தப் பருவத்தில்தான். பங்குனி, சித்திரையில் எவ்வளவு இலேசான பை இருந்தாலும் அந்த மலைகளுக்குப் போக வேண்டாம். கோடைமழை இரண்டு மூன்று பெய்து தரை நனைந்த பிறகு, ஊரில் யாரிடமாவது சுனையில் தண்ணீர் வந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்பலாம்.